இரண்டு பாதிகளின் இடைவெளி

1

டெல்லி உத்தரவு வந்த செய்தி திருச்சி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கல்லூரி மலருக்கு என் துறையைப் பற்றியும் கல்கத்தா வாழ்க்கையைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நாடு முழுவதும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்புகளின் பொறுப்பை ஏற்கப்போகும் பழைய மாணவி என்று ஒரு வரியும் சேர்த்துப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். நன்றி.

அப்படி ஒரு கட்டுரையை ஒரே மாலையில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அன்று காலை அலுவலகத்தில் நடந்த ஒன்றும், மாலையில் வீட்டில் நடந்த ஒன்றும் குறுக்கே வந்து நின்றுகொண்டன. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது என் துறையைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

காலையில் அனிர்பன் என் மேசைக்கு ஓர் அட்டவணையைக் கொண்டுவந்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் அதிகாரி. கெட்டிக்காரன். நெல் விளைச்சல் மதிப்பீடு அது.

"மேடம், ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைப் பாருங்க. பாடப் புத்தகத்துல போடலாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

பார்த்தேன். உண்மைதான். குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

"இருக்கட்டும், நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

அவன் முகம் வாடிப்போயிற்று. நான் உடனே கையெழுத்திட்டு, பாராட்டவும் செய்வேன் என்று எதிர்பார்த்திருப்பான்.

மாலை சால்ட் லேக் வீட்டுக்கு என் மகள் உமா வந்தாள். வங்காளிக் குடும்பத்தில் திருமணமாகி கரியாஹாட் பக்கம் இருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "அண்ணா துர்கா பூஜைக்கு வரலையாம்மா. லீவு குடுத்துட்டு அப்புறம் கேன்சல் பண்ணிட்டாங்களாம். டிக்கெட்டும் கிடைக்கலைன்னான்."

என் மகன் கண்ணன் சென்னையில் இன்ஜினியராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை டிரங்க் காலில் என்னிடமும் பேசியிருந்தான். உடன் வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லை, அதனால் லீவு கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னான்.

கிடைக்கவில்லை என்பது ஒன்று, கொடுத்து ரத்து செய்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதன் இரண்டு பேரிடம் சொல்லும்போது வரக்கூடிய இயல்பான வித்தியாசம்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உமாவுக்குக் காப்பி கலக்கப் போனவள், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அது ஏன் என்று சொல்ல, எழுபதாம் வருடக் கடைசிக்குப் போக வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் என் மகனை இந்த ஊரிலிருந்து உயிரோடு வெளியே அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் தானாகச் சொன்னதில்லை. எனக்கு ஒரே ஒரு மகன். அவன் என்னிடம் சொல்வது உண்மையா இல்லையா என்று தெரியாமலேயே டெல்லிக்குப் போகப்போகிறேன் என்பதுதான் அன்று மாலை எனக்கு உறைத்தது.

2

என் கணவர் ராமநாதனுக்கு வங்கி வேலை. கல்யாணமான கையோடு ஹவுராவில் வந்து இறங்கினோம். கணிதம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல், ஒரு புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வருடத்தில் மதராஸ் மாற்றல் வந்துவிடும் என்று அவர் சொன்னார். வருடா வருடம் சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

முதலில் ரேஷன் கார்டு. எழுத்தர் என் பெயரை எழுதிக்கொண்டு, "டைட்டில்?" என்றார். கல்யாணி ராமநாதன் என்றேன். "அது கணவர் பெயர். அவருடைய டைட்டில்?" அவர் பெயருக்கு முன்னால் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும்தான் இருந்தன. குடும்பப் பெயர் இல்லாத மனிதர்களுக்கு அரிசி கொடுக்க விதியில்லை என்பதுபோல் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் கணவரின் ஊர்ப் பெயரே எங்கள் வம்சத்தின் பெயராகி, மண்ணெண்ணெயும் சர்க்கரையும் வாங்கித் தந்தது. கண்ணன் பிறந்ததும் அவனும் அந்த ஊர்ப் பெயரோடுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அந்த ஊரை அவன் பார்த்ததே கிடையாது.

லேக் மார்க்கெட் அருகே குடியிருந்தோம். சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தெருவின் மொழிதான் வாய்மொழி. வீட்டில் தமிழ் பேச வேண்டும் என்று நான் விதி வைத்தேன். பேசினார்கள். "அம்மா, நான் தண்ணி சாப்பிட்டுட்டேன்" என்பான் கண்ணன். வங்காளிகள் தண்ணீரையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள். "மாடி வீட்டு மாமா சிகரெட் சாப்பிடறார்" என்று உமா சொன்னபோது ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "ஐயையோ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலையா?" என்று கேட்டார்.

இனி என் வேலையின் கதைக்கு வருகிறேன். ஒரு மாவட்டத்தில் எவ்வளவு நெல் விளைந்தது என்று கண்டுபிடிக்க, குலுக்கலில் தேர்ந்தெடுத்த சில வயல்களுக்குப் போவோம். வயலுக்குள் ஒரு முளை அடித்து, அதில் கட்டிய சங்கிலியைச் சுழற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து எடை பார்ப்போம். இது எல்லாருக்கும் தெரிந்த முறை. எங்களிடம் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களை அனுப்புவோம். இரண்டுக்கும் தனித்தனிக் குலுக்கல், தனித்தனி வயல்கள், தனித்தனி ஆட்கள். ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. கடைசியில் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அவற்றின் நடுவே உள்ள இடைவெளிதான் எங்கள் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும்.

இடைவெளி அதிகமானால் எங்கோ தவறு. இது யாருக்கும் புரியும். இடைவெளி இல்லாமலே போனாலும் எங்கோ தவறு என்பது புரியத்தான் நாளாகும். தனித்தனி வயலில் தனித்தனி மனிதர் அறுத்த கதிர் ஒரே எடை நிற்காது. நின்றால் அந்த மனிதர்கள் சந்தித்திருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய பேராசிரியர். நானும் பின்னால் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஏழை என்று யாரைக் கணக்கில் எடுப்பது என்று விவாதித்த குழுக்களில் உட்கார்ந்தேன். ஆப்பிரிக்காவில் புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டுக்குப் போய்க் கணக்கெடுப்பு முறையை அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கே போனாலும் முதலில் இரண்டு பாதியைத்தான் விளக்குவேன். வீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

3

எழுபதாம் வருடக் கடைசியில் கல்கத்தா எப்படி இருந்தது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சுவரெல்லாம் முழக்கங்கள். டிராம் எரியும். எங்கள் தெருக்கோடியில் நின்று அரட்டை அடிக்கும் பையன்களில் யார் வெறும் பையன், யார் ஆயுதம் ஏந்திய புரட்சி இயக்கத்தைச் சேர்ந்தவன் என்று தெரியாது. போலீஸுக்கும் தெரியாது. அதனால் கறுப்பு வண்டி வந்தால் இருக்கிற பையன்களை அள்ளிக்கொண்டு போகும். போனவர்களில் சிலர் திரும்பினார்கள். கண்ணன் அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு பகுதியிலிருந்து நெல் மதிப்பீடு வந்தது. இரண்டு பாதிகளும் ஏறக்குறைய ஒன்றேதான். தலைமைச் செயலகத்திலிருந்து போன் மேல் போன். அந்த எண்ணை வைத்துத்தான் கொள்முதலும் ரேஷனும் முடிவாகும்.

எங்கள் கள மேற்பார்வையாளர் நிமாய் பாபு என் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வயதில் பெரியவர். ஆனாலும் எல்லாரையும்போல என்னை அக்கா என்று பொருள்படும்படி தீதி என்றுதான் கூப்பிடுவார்.

"தீதி, இந்த ஒற்றுமையைப் பார்த்தீங்களா? அரசியல் கட்சிக்காரங்களுக்குக் காட்டணும்."

"நிமாய் பாபு, நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாமா?"

வெற்றிலை நின்றது. "அங்கேயா? என் மனைவிக்கு வெள்ளைப் புடவை கட்ட அவ்வளவு ஆசையில்லை, தீதி."

ஆனாலும் வந்தார். பஸ்ஸிலும் படகிலுமாகப் போனோம். ஹரிபதோ என்பவன் முதல் குழு. இரண்டாவது குழுவின் ஆளும் அவனும் ஒரே குடிசையில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஹரிபதோ எழுந்து நின்றான். நான் கேட்பதற்கு முன்பே பேசினான்.

"தனியா சங்கிலியும் கையுமா வயல்ல இறங்கினா, போலீஸுக்கு வேவு பார்க்க வந்தவன்னு சொல்றாங்க தீதி. பக்கத்து கிராமத்துல ஒரு வாத்தியாரை அப்படிச் சொல்லித்தான் முடிச்சாங்க. ரெண்டு பேராப் போனா, சரி, சர்க்கார் ஆளுங்கன்னு விட்டுடறாங்க."

"ரெண்டு பேராப் போய், ஒரு வயலை அளந்து, ரெண்டு பேரும் எழுதிக்கிட்டீங்க."

"ஆமா."

"அப்படியே எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும்னு தோணலையா?"

அவன் நிமாய் பாபுவைப் பார்த்தான். "ஒரே மாதிரி இருந்தா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சோம்."

அவர்களை வேலையிலிருந்து நீக்கவில்லை. பயத்துக்கு யாரை நீக்குவது? அறிக்கையில் அந்தப் பகுதிக்கு எதிரே, இரு குழுக்களும் தனித்து இயங்க முடியவில்லை, எனவே இந்த எண்ணின் பிழையளவைச் சொல்ல இயலாது என்று எழுதிக் கொடுத்தேன். செயலகத்து அதிகாரி போனில் ஆங்கிலத்தில் இறங்கிவிட்டார். நன்றாக இருக்கும் எண்ணைக் கெடுத்துக் கொடுக்கும் முதல் அதிகாரியைப் பார்க்கிறேன் என்றார். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்தச் சுற்றில் வரவில்லை.

அடுத்த வருடம் அதே இருவர், அதே பகுதி. இரண்டு பாதிக்கும் நடுவே அழகான இடைவெளி. நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். நிமாய் பாபு மட்டும் கதவருகே போய்த் திரும்பி, "உங்களுக்கு எவ்வளவு வித்தியாசம் பிடிக்கும்னு இப்ப பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு தீதி" என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நடுவில் நடந்ததுதான் முக்கியம்.

4

களத்திலிருந்து திரும்பிய அதே வாரம் சனிக்கிழமை மாலை, கரியாஹாட்டுக்கு அருகே ஒரு சந்தில் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டார்கள். கண்ணன் வழக்கத்தைவிட மிகவும் தாமதித்து வந்தான். உமா பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"எங்கேடா இருந்தே?"

"சுப்ரதோ வீட்ல படிச்சுக்கிட்டிருந்தேன். மாஷிமா லுச்சியும் உருளைக்கிழங்கும் குடுத்தாங்க. கரண்ட் போயிடுச்சு. மெழுகுவத்தி தேடினோம். உமா அங்கேயே வந்துட்டா. சேர்ந்து வந்தோம்."

சுப்ரதோ அவனுடைய வகுப்புத் தோழன். சிறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் அம்மாவைத்தான் பிள்ளைகள் மாஷிமா என்பார்கள்; லுச்சி என்பது வங்காளிகளின் பூரி.

சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை உமாவுக்குத் தலை பின்னும்போது, வேறெதையோ பேச ஆரம்பித்தவள், "நேத்து மாஷிமா வீட்ல என்னடி விசேஷம்?" என்றேன்.

"மாஷிமா லுச்சியும் உருளைக்கிழங்கும் குடுத்தாங்க. கரண்ட் போயிடுச்சு. மெழுகுவத்தி தேடினோம். சேர்ந்து வந்தோம்."

பின்னல் கையிலேயே நின்றுவிட்டது.

உமா பேசும் விதம் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அங்கே பூனை குட்டி போட்டிருந்ததா, யார் என்ன நிறத்தில் புடவை உடுத்தியிருந்தார்கள் என்றுதான் ஆரம்பிப்பாள். சாப்பிட்டது கடைசியில் வரும், நான் கேட்டால். கண்ணனோ சாப்பாட்டைப் பற்றிப் பேசவே மாட்டான். இரண்டு பேரும் ஒரே வரிசையில், ஒரே சொற்களில். குடிசையில் பார்த்த ஒற்றை அடுப்பு கண்முன் வந்தது.

என் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கினார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா உண்மைன்னுதானே அர்த்தம்? கோர்ட்லயே அப்படித்தான்."

"எங்க ஆபீஸ்ல அப்படியில்லை."

"இது ஆபீஸ் இல்லை, கல்யாணி."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வெளியே கறுப்பு வண்டி ஒவ்வொரு தெருவாக வந்துகொண்டிருந்தது. எனக்கு நேரமில்லை. உமாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். மிரட்டவில்லை. "உன் அண்ணன் சொன்னதை விட்டுட்டு, நீ மட்டும் பார்த்ததைச் சொல்லு" என்றேன்.

துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மாஷிமா வீட்டுக்குப் போகவேயில்லை. அண்ணன் பாட்டு வகுப்பு வாசலுக்கு மூச்சிரைக்க வந்தான். வழியெல்லாம் அவளுக்கு அந்த வரிகளைச் சொல்லிக் கொடுத்தான். திருப்பிச் சொல்ல வைத்தான். பிறகு, "நான் சந்து முனையில நின்னேன். அவ்வளவுதான். யாராவது வந்தா சொல்றதுக்கு. என்ன செய்யப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றானாம். சுப்ரதோ அடுத்த முனையில் நின்றானாம்.

கீழே இறங்கி வந்து திருச்சியில் இருக்கும் என் தம்பிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். என் கணவர் எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி அலுவலகத்துக்குப் போனார்.

கண்ணனிடம், "நாளைக்கு மெட்ராஸ் மெயில். மாமாகிட்டே போறே" என்றேன். அவன் உமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மறுத்துப் பேசவில்லை.

"சுப்ரதோவுக்கும் சொல்லணும்" என்றான்.

"நான் சொல்றேன். நீ வெளியே போகக் கூடாது."

சொன்னேன். அன்று சாயங்காலமே போய் மாஷிமாவிடம் சொன்னேன். அவர்கள் என்னைத் தட்டில் இனிப்பு வைத்து உபசரித்தார்கள். தன் பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்றார்கள். இப்போதும் லேக் மார்க்கெட் பக்கம் போனால் அந்த வீட்டைத் தாண்டித்தான் நடப்பேன்.

5

டாக்ஸியில் நானும் கண்ணனும். வழியில் நான் ஒன்றுதான் சொன்னேன். "யார் என்ன கேட்டாலும் தமிழ்லயே பேசு. உனக்கு பெங்காலி தெரியாது. நீ லீவுக்கு வந்துட்டு ஊருக்குத் திரும்பற பையன்."

ஹவுரா பாலத்துக்கு முன்னால் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். ஓர் இன்ஸ்பெக்டர் ஜன்னலில் குனிந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. என் அலுவலக அட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொண்டார்.

"பையன் யார்?"

"என் சொந்தக்காரப் பையன். மதராஸுக்குப் போகிறான்" என்றேன் ஆங்கிலத்தில். என் பொய்யும் அந்தப் பாலத்தின் அருகே இருக்கிறது.

அவர் கண்ணனிடம் வங்க மொழியில் கேட்டார், ரொம்பச் சாதாரணமாக, ஒரு பெரியப்பா கேட்பதுபோல: எந்தப் பேட்டைடா உன்னுது?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவன் கண்ணன். கால்பந்து மைதானத்திலும், பூஜைப் பந்தலிலும், சண்டையிலும் பெருமையாகச் சொல்லும் பதில் அது. அவன் எதிரே தெரிந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். இந்த முறை குரல் மாறியிருந்தது. "பங்களா பாஷை தெரியாதா?"

கண்ணன் என் பக்கம் திரும்பி, "அத்தை, அவர் என்ன கேக்கறார்? எனக்குத் தண்ணி குடிக்கணும்" என்றான்.

குடிக்கணும் என்றான். பதினெட்டு வருடங்களாக நான் திருத்தித் திருத்தி வராதது, அங்கே அந்த ஜன்னலோரத்தில் சரியாக வந்தது. எனக்கு ஏனோ அப்போதுதான் அழுகை முட்டியது.

"மத்ராஜி" என்று இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த காவலரிடம் சிரித்தார். அட்டையை என் மடியில் போட்டார். டாக்ஸி பாலத்தில் ஏறியது.

ரயில் பெட்டியில் கண்ணன் இடம் பார்த்து உட்கார்ந்தான். வண்டி புறப்படும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"உமாவை ஏன் தனியாக் கூப்பிட்டுக் கேட்டே? என்னைக் கேட்டிருக்கலாமே."

"உன்னைத்தான்டா முதல்ல கேட்டேன். லுச்சின்னு சொன்னே."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

வண்டி நகர்ந்துவிட்டது. அந்த வாரமே சுப்ரதோவைப் போலீஸ்காரர்கள் அவன் வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். அவன் திரும்பவில்லை. கண்ணனுக்கு அந்தச் செய்தியைச் சொன்னது நான் அல்ல. உமா.

6

திருச்சியில் என் தம்பி வீட்டில் தங்கிப் படித்தான். அங்கே அவனுக்குப் பெயர் பெங்காலி. மளிகைக் கடையில் அவன் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களாம். வேலைக்கு மதராஸ். அங்கேயே பெண் பார்த்துக் கட்டிவைத்தோம். இங்கே எப்போதாவது வருவான். வந்தால் வீட்டுக்குள்ளேயே இருப்பான்.

அவனை அனுப்பியதற்கு நான் வருந்தவில்லை. நாளைக்கு அதே நிலைமை வந்தால் அதே மாடிக்கு உமாவை அழைத்துப் போவேன். அனுப்பாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு சுப்ரதோ நின்ற அந்த இன்னொரு முனை இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து என் பிள்ளைகள் இருவரும் ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொன்னதே கிடையாது. கண்ணனின் தேர்வு, வேலை, குழந்தையின் காய்ச்சல், எதுவானாலும் அவன் சொல்வதற்கும் உமா சொல்வதற்கும் நடுவே ஓர் அளவான இடைவெளி இருக்கும். இத்தனை வருடங்களாக அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். தனித்தனி மனிதர்கள், தனித்தனிப் பார்வை. அனிர்பனின் அட்டவணையும் உமாவின் பேச்சும் ஒரே நாளில் வராமல் இருந்திருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போயிருப்பேன். நிமாய் பாபு இறந்து போய்விட்டார். அவர் சொன்ன அந்த வரி மட்டும் கதவருகே நின்றுகொண்டிருந்தது.

காப்பித் தம்ளரை உமாவிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நீயும் அண்ணாவும் பேசி வெச்சுக்கறீங்களா? எதை, எவ்வளவு மாத்திச் சொல்றதுன்னு?"

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரே மாதிரி சொன்னா நீ நம்ப மாட்டே. ரொம்ப மாத்திச் சொன்னா நோண்டுவே. நாங்க என்னம்மா பண்றது?"

"அவன் ஏன் வரலை?"

"என்னைக் கேக்காதே" என்றாள். "அன்னைக்கும் என்னைத்தான் கேட்டே."

அவள் போன பிறகு டிரங்க் கால் பதிவு செய்தேன். இணைப்புக் கிடைக்கும்வரை ஒரு தாளில் கேள்விகளை எழுதினேன். பழக்கம். எதை முதலில் கேட்டால் எது வெளிப்படும் என்று வரிசைப்படுத்தினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் ஆபீஸா?" என்றார். தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மணி அடித்தது. கரகரப்புக்கு நடுவே கண்ணனின் ஹலோ. குரலில் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைதான் பேசினோம், மறுபடி எதற்கு?

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பா நல்லா இருக்கார். எனக்குத்தான் டெல்லிக்குப் போகப் பயமா இருக்குடா."

"உனக்கா?"

"இத்தனை வருஷமா எல்லாரும் எனக்குப் பிடிச்ச வித்தியாசத்தை எழுதிக் குடுத்திருக்காங்களோன்னு தோணுது. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். உண்மை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆபீஸை மட்டும் சொல்லலைடா."

லீவைப் பற்றி நான் கேட்கவில்லை. சுப்ரதோவைப் பற்றியும் கேட்கவில்லை.

"போன தடவை வந்தேனேம்மா," என்றான். "ஹவுரால இறங்கி டாக்ஸி எடுத்தேன். டிரைவர் பெங்காலியில எந்தப் பேட்டைன்னு கேட்டான். எனக்குப் பதில் வரலை. தெரியும். வாய்க்கு வரலை. அவன் என்னை மத்ராஜின்னு நினைச்சு இந்தியில பேச ஆரம்பிச்சுட்டான். பாலம் தாண்டற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டே வந்தேன். லீவெல்லாம் இருக்கும்மா. டிக்கெட்டும் கிடைக்கும். என்னால அந்தப் பாலத்துல வர முடியலை."

குறுக்கே ஆபரேட்டரின் குரல் வந்தது. மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?

"நீட்டிங்க" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இதை அவன் உமாவிடம் சொல்லியிருக்கிறானா என்று அன்று கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அனிர்பனின் அட்டவணை என் மேசையிலேயே இருக்கிறது. டெல்லிக்குப் போகும் முன் அந்த வயல்களில் அளந்தவர்களோடு நானும் இறங்கி நடந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். கண்ணன் சொன்னதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னொரு பாதி கிடையாது. அவன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.